கைந்நூலும் உத்தரவாதமும்

விடுமுறை வந்தால் தாயகம் சென்று திரும்ப வேண்டும் என்னும் ஆவல் புனேயில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இயல்பேயாகும். அண்மைக் காலமாக, உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள 'காரவான்' என்னும் வீட்டு வண்டியில் இப்பயணத்தை மேற்கொள்ளச் சிலர் விரும்புகின்றனர். மகாராஷ்டிர அரசும் 2021இல் காரவான் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இவ்வகை வண்டிகளுக்கு உரிய பாதுகாப்புத் தரநிலை ஏ.ஐ.எஸ். 124 எனப்படும். அத்தகைய தரநிலைகளை வெளியிடும் வாகன ஆராய்ச்சிச் சங்கம் 1966இல் தோன்றி நம் நகரிலேயே இயங்குகின்றது.

வண்டியின் அழகைப் பாராட்டும் நாம், அதனுடன் வரும் கைந்நூலைப் பிரித்துப் பார்க்கின்றோமா? பல இல்லங்களில் அது உறை நீங்காமலே உறங்குகின்றது.

வீட்டு வண்டிக்கு உத்தரவாதம் ஒன்றன்று; பலவாகும். இயந்திரமும் அடிச்சட்டமும் ஒருவர் பொறுப்பு. மேற்கூடு கட்டியவர் வேறொருவர். குளிர்பெட்டி, பாட்டரி, டயர் ஆகியவற்றுக்குத் தனித்தனி உற்பத்தியாளர் உளர். ஆகவே, வாங்கும்போதே ஒவ்வொன்றுக்கும் உரிய அட்டையில் தேதியும் முத்திரையும் பெற்று, பழுது பார்த்த ரசீதுகளுடன் ஒரே கோப்பில் வைத்தல் நலம். 'இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், இவற்றுள் எது முந்தியதோ அது' என்பதே பராமரிப்புக் கணக்கு. வண்டி ஓடாமல் நின்றாலும் மாதங்கள் ஓடிக்கொண்டேயிருக்கும்.

பணத்தினும் பெரிது உயிர். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் ஈர்ப்பது. ஈரம் மிகுந்தால் அதன் கொதிநிலை தாழும். கண்டாலா மலைச்சரிவில் பிரேக்கை ஓயாது மிதித்து இறங்குங்கால் அத்திரவம் கொதித்து, பிரேக் பிடிக்காமற் போதலும் கூடும். கைந்நூல் கூறும் காலத்தில் அதனை மாற்றுவதும், சரிவில் தாழ்ந்த கியரில் இறங்குவதும் இதன்பொருட்டே. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் நோக்குக: 2319 என்றிருப்பின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பெற்றது என்பது பொருள். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ எடை என்பதையும், வண்டிக்கு விதித்த எடைவரம்பு உண்டு என்பதையும் மறத்தலாகாது. ஓடும்போது எரிவாயு உருளையை மூடி வைத்தலும், சமைக்கும்போது காற்றோட்டம் விடுதலும் இன்றியமையாதன.

சட்டமும் கைந்நூலை அற்பமாகக் கருதவில்லை. பொருளைச் சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதிய அளவில் தராமையால் தீங்கு நேரின், உற்பத்தியாளர் பொறுப்பாவார் என 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. நம் போன்ற வெளியூர்வாசிகளுக்கு அது மற்றொரு நன்மையும் செய்துள்ளது. கோயம்புத்தூரில் வாங்கிய வண்டியாயினும், நாம் வசிக்கும் புனேயிலேயே நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். இரண்டாண்டுக்குள் முறையிடுதல் வேண்டும். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதில் கைந்நூலைப் படித்துத் தமிழில் எடுத்துரைக்க, பெரியோர் கேட்கட்டும். எரிவாயுவை அடைக்கும் திருகு எங்குள்ளதெனப் பாட்டியும் அறிந்த பின்னரே வண்டி புறப்படுவதாக.