தேறாத பிள்ளையின் பக்கத்தில் நிற்பவர்கள்

மே மாதத்தில் மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாளன்று, விருதுநகர் மாவட்டத்தில் கலெக்டர் அலுவலகத்திலிருந்து அருப்புக்கோட்டை விசைத்தறிக் கூடங்கள் வரையில் ஜனங்களின் பேச்சில் முதலில் எழுவது மாவட்டத்தின் தேர்ச்சி சதவீதம். 2023-ஆம் ஆண்டில் 97.85 சதவீதம் பேர் தேறி, மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. அதற்கு முன்னும் பல ஆண்டுகள் அந்த ஸ்தானத்தை வகித்த பெருமை இதற்கு உண்டு. அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் ஐப்பசி மழை பொய்த்தால் பருத்தியும் பொய்க்கும், மக்காச்சோளமும் பொய்க்கும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் தறியிலும் கிடைக்கிற கூலி வீட்டுச் செலவுக்கே சரியாய்ப் போகும். ஆகவே பிள்ளையின் படிப்பொன்றையே தங்கள் பூஸ்திதியாகக் கருதுகிற பெற்றோர் அந்தச் சதவீதத்தைக் கேட்டு மகிழ்வது இயல்பு; அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆயினும், அந்தக் கணக்கிற்கு வெளியே நின்றுவிட்ட நூற்றுக்கு இரண்டு பேருடைய வீடுகளில் அன்றிரவு என்ன நடக்கிறது என்பதையும், தேறியவர்களுள் எத்தனை பேர் தூக்கத்தையும் சிரிப்பையும் தொலைத்துவிட்டுத் தேறினார்கள் என்பதையும் விசாரிப்பதற்கு நம்மிடம் யார் இருக்கிறார்கள், அவர்களை நாம் எவ்விதம் நடத்துகிறோம் என்பதே இந்த வாரம் நான் எழுத விரும்புகிற விஷயம்.

தவறிய பிள்ளைகளுக்காகத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு காரியத்தை முதலில் சொல்ல வேண்டும். அதனால் பயனடைந்தவர்களிலேயே பலருக்கு அதன் பின்னணி தெரியாது. மனநல மருத்துவரான லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் ‘ஸ்நேகா’ என்னும் தற்கொலைத் தடுப்பு ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். அங்குள்ள தொண்டர்கள் செய்வது ஒன்றே: உபதேசம் பண்ணாமல், குற்றம் சாட்டாமல், துயரத்தோடு அழைக்கிறவர் சொல்லி முடிக்கும் வரையில் சிரத்தையோடு கேட்பது. அந்நாளில், கோடைக்கு முன் எழுதிய பொதுத்தேர்வில் ஒரே பாடத்தில் தவறிய மாணவனும் செப்டம்பர், அக்டோபர் வரையில் காத்திருந்துதான் மீண்டும் எழுத முடியும். அதற்குள் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்து ஓராண்டு வீணாகிவிடும். நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று பதினேழு வயதுப் பிள்ளை கலங்குவதற்கு அந்த ஓராண்டே பெருங்காரணம் என்பதைக் கண்ட அவர், மறுதேர்வை உடனடியாக நடத்த வேண்டுமென்று அரசிடம் வாதாடினார். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது நடைமுறைக்கு வந்தது. தவறியவன் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி, தன் வகுப்புத் தோழர்களோடு அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாயிற்று. மருத்துவர் ஒருவர் தம் அறையில் அமர்ந்து ஆயுள் முழுதும் சிகிச்சை செய்தாலும் சந்திக்க முடியாத அத்தனை பிள்ளைகளின் பாரத்தை ஒரு கால அட்டவணையை மாற்றியதன் மூலம் குறைத்த இந்தச் செயலை, இம்மாநிலத்தில் நடந்த தலைசிறந்த வைத்திய சேவைகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். 2017-இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியதும் அதே திசையில் எடுத்து வைத்த நல்ல அடிதான்.

பெரியோரைக் கௌரவிப்பதில் நம் நாடு அறவே தவறிவிட்டதென்று சொல்வதற்கில்லை. 1961 முதல் பல ஆண்டுகள் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை வகித்து, 1984-இல் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்த சாரதா மேனனுக்கு 1992-இல் பத்மபூஷண் அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் மதுரையில் மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையை நிறுவினார். ஆஸ்பத்திரி என்றாலே மதுரையை நோக்குகிற நம் பக்கத்து ஜனங்களுக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதை, அதற்கு முன் அவர்களுக்கிருந்த வழிகளை அறிந்தோரே உணர்வர். 1985 வரையில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இருந்தது ராமநாதபுரம் மாவட்டத்தில். அந்த மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடுவது அவ்வழிகளுள் ஒன்று. அங்கே, 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீக்கிரையான பிறகு அவர்களைப் போன்றோரின் நிலை பற்றிய பேச்சு நீதிமன்றம் வரைக்கும் எட்டியது.

ஆனால் ஒரு குழந்தையின் மனத்துன்பத்தை முதலில் காண்பவர் பெருமருத்துவர் அல்லர். 2015–16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கு ஏதேனுமொரு மனநலக் குறை இருக்கிறது. ஐந்நூறு மாணவர் படிக்கிற உயர்நிலைப் பள்ளியில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் என்று அதற்கு அர்த்தம். அவர்களைக் கண்டுபிடிக்கிறவர் யார்? வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆற்றுப்படுத்துநர், அங்கன்வாடிப் பணியாளர், சில சமயம் பையனின் நோட்டுப் புத்தகத்தைத் திருத்தும்போது கையெழுத்து மாறியிருப்பதைக் கவனித்த தமிழாசிரியை.

சிறப்புப் பயிற்றுநரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறிப் பந்தல்குடியில் இறங்கி, மினி பஸ் வராத நேரத்தில் வெயிலில் நடந்து, மழைக்காலமானால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற கரிசல் சேற்றை வழித்தெறிந்துகொண்டே, பள்ளிக்கு வர இயலாத ஒரு பிள்ளையின் வீட்டை அந்த அம்மையார் அடைகிறார். தாயும் தகப்பனும் வேலைக்குப் போயிருக்க, வாசலில் அப்பத்தா மட்டும் இருக்கிறாள். “பெய யாரு மூஞ்சியையும் பாக்க மாட்டேங்கான் டீச்சர். அடுத்த அமாவாசைக்கு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறோம்” என்கிறாள். “மந்திரிங்க அப்பத்தா, வேண்டாங்கல. வெள்ளிக்கிழமை பெரியாஸ்பத்திரிக்கும் ஒருக்கா கூட்டிட்டு வாங்க, நான் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கேன்” என்று பதில் வருகிறது. அப்பத்தாவின் நம்பிக்கையைப் புண்படுத்தாமலும், பிள்ளையின் சிகிச்சையை அமாவாசை வரையில் தள்ளிப்போடாமலும் பேசுகிற இந்த விவேகம் எந்தப் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்திலும் இராது. அது பல வாசற்படிகளில் உட்கார்ந்து பெற்ற அநுபவத்தால் வருவது. பஸ் ஸ்டாண்டில் நிற்பேன் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே அப்பத்தா வருவாள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

இத்தகையோரில் மிகப் பலர் தொகுப்பூதியத்தில், ஒப்பந்த அடிப்படையில் உத்தியோகம் பார்ப்பவர்கள். அடுத்த ஆண்டு தமக்கு வேலை நீடிக்குமா என்ற கவலையைத் தம் நெஞ்சில் சுமந்துகொண்டே, பிறர் பிள்ளையின் கவலையை இறக்கி வைக்கிறார்கள். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் பத்துப் பேருக்கு ஒருவரும், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவருமாகச் சிறப்பாசிரியர் இருக்க வேண்டுமென்றும், அதற்கு நிரந்தரப் பணியிடங்களை உண்டாக்க வேண்டுமென்றும் உச்ச நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் கூறிவிட்டது. தீர்ப்பு இருக்கிறது, அதற்குரிய பணியிடங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பல பள்ளிகளில் மாணவியோடு அந்தரங்கமாய்ப் பேசுவதற்குக் கதவுள்ள ஓர் அறைகூட இல்லை. விளையாட்டுச் சாமான்கள் குவிந்த மூலையிலோ, எல்லோரும் கடந்து போகிற தாழ்வாரத்திலோ அமர்ந்து, வீட்டில் தனக்கு நேர்ந்த கொடுமையை எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்?

பந்தல்குடியிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே போனால் எட்டயபுரம். 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த ஊர் அது. பசித்த பிள்ளை படிக்க முடியாது என்ற எளிய உண்மையை அரசு ஏற்றுக்கொண்டதோடு காரியம் முடிந்துவிடவில்லை, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தபோது, மையந்தோறும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று ஆட்களை நியமித்த பிறகே, ஊராரின் தயவை நம்பியிருந்த சோறு பிள்ளையின் உரிமையாயிற்று. அஞ்சுகிற பிள்ளையும் படிக்க முடியாது என்பதில் இன்று எவருக்கும் சந்தேகமில்லை. அவ்வாறிருக்க, அதற்கென்று பள்ளிதோறும் ஓர் ஆளை, பெயரும் பதவியும் நிலையான சம்பளமும் உடையவராக, ஏன் இன்னும் நாம் வைக்கவில்லை? நானறிந்த மட்டில் இந்தப் பயிற்றுநர்களுக்கும் பணியாளர்களுக்கும் செய்யக்கூடிய முதல் மரியாதை இதுவே. பொன்னாடையும் கேடயமும் இதற்கு அடுத்தபடியாக வரட்டும்.

அது வரும் வரையில் நாமும் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. மனக்கலக்கம் உற்றவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் பேசுவதற்கு 104, 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்கள் இருக்கின்றன. ஆபத்திலிருக்கும் குழந்தைக்கு 1098 இருக்கிறது. தேர்வு முடிவு வருகிற வாரத்தில் இவற்றை ஊர் ரேஷன் கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை. ஆகஸ்டு 15-ஆம் தேதி ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்கு அன்று ஊரில் பரிசு கொடுக்கும்போது, அவ்வட்டாரத்துச் சிறப்புப் பயிற்றுநரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் மேடைக்கு அழைத்துப் பெயர் சொல்லி மரியாதை செய்யுங்கள். பள்ளியில் அவர்களுக்குக் கதவுள்ள ஓர் அறை ஒதுக்க வேண்டுமென்றும், பதவியை நிரந்தரமாக்க வேண்டுமென்றும் அந்தச் சபையிலேயே தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புங்கள். தீர்மானத்தை முன்மொழிய ஒருவர் எழுந்தால் வழிமொழிய ஆள் கிடைக்கும். இதை வாசிப்பவர் பந்தல்குடிப் பக்கத்துக்காரராயிருந்தால், அந்த ஒருவர் தாமாகவே இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.