விளக்கும் விரலும்

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால், நண்பர் ஒருவரின் ஏலத்தோட்டத்தில் சென்ற கோடையில் கூடாரம் அடித்தோம். அரிசி முதல் அப்பளம் வரை எதையும் மறக்கவில்லை. விளக்கு மட்டும் ஒன்றே ஒன்று!

இரவில் மழைக்காற்று கூடாரத்தைச் சாய்த்தது. விளக்கு உடைந்தது. கைப்பேசிகள் முன்னமே உயிர் விட்டிருந்தன. நாங்கள் ஒருவரையொருவர் கூவி அழைத்துக்கொண்டோம். காது கேளாத எங்கள் 8 வயதுப் புதல்வனுக்கோ கைச்சாடையே பேச்சு. இருளில் அதுவும் மறையவே, அலறிவிட்டான். என் மனைவி தட்டுத் தடுமாறிச் சென்று, அவன் உள்ளங்கையில் விரலால் "அம்மா" என்று எழுதினாள். அழுகை அடங்கிற்று.

நேயர்களே! இத்தகைய குழந்தையுடன் மலையேறுவோர் இரண்டாவது விளக்கை முதலில் எடுத்து வையுங்கள். இருளில் பேசும் வகையையும் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.