பச்சை இங்க் கையெழுத்து

ஒரு காலத்தில் வேலைக்கு அப்ளை பண்ணணும்னா, மார்க் ஷீட் ஜெராக்ஸோடு கெஸட்டட் ஆபீஸர் வீட்டு வாசலில் தவம் கிடக்க வேண்டும். அவர் காபி குடித்து, பேப்பர் படித்து, பச்சை இங்க்கில் கிறுக்கினால்தான் நீங்கள் பி.காம். பாஸ்!

இப்போது சர்க்காரே மனம் இளகி, பல இடங்களில் 'நீயே கையெழுத்துப் போட்டுக்கோ' என்கிறது. இளகாத ஆசாமி, பிரவுசர்தான்.

நண்பர் ஒருவர் ஊறுகாய் விற்க வெப்சைட் ஆரம்பித்தார். அதற்கான சர்டிஃபிகேட்டைத் தானே தயாரித்து, தானே கையெழுத்தும் போட்டுக்கொண்டார். முதல் கஸ்டமர், அவர் மச்சினன். போன் வந்தது.

"மச்சான், உங்க கடைக்குள்ள போனா ஆபத்துன்னு ஸ்க்ரீன்ல போடுதே... ஊறுகாயில என்னத்தைப் போட்டீங்க?"

பூட்டு கெட்டிதான் சார். ஆனால் கையெழுத்துப் போட்ட ஆளை பிரவுசருக்குத் தெரியாது. தான் நம்பும் 'ஆபீஸர்கள்' லிஸ்ட் ஒன்று அதனிடம் இருக்கிறது. அந்த லிஸ்ட்டில் உள்ளவரோ, அவர் கைகாட்டியவரோ கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

முன்பெல்லாம் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2015 டிசம்பரில் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' என்ற லாப நோக்கில்லாத சேவை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 'சைட் உன்னுதுதானா? நான் சொல்ற ஃபைலை அதில் வை, பார்க்கிறேன்' என்று கேட்கும். வைத்தால் சர்டிஃபிகேட் ரெடி! ஆரம்பத்தில் ஆயுசு 90 நாள். புதுப்பிக்கிற வேலையை கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். நண்பர் இதில்தான் கரையேறினார்.

அந்த லிஸ்ட்டில் இருப்பது லேசுப்பட்ட விஷயமா? ஹாலந்தில் 'டிஜிநோட்டார்' என்ற கம்பெனி அப்படி இருந்தது. அதற்குள் புகுந்த ஹேக்கர், 2011 ஜூலையில் கூகுள் பெயரிலேயே போலி சர்டிஃபிகேட் எடுத்துவிட்டான். ஈரானில் ஜிமெயில் பார்த்தவர்களை ஒட்டுக்கேட்க அது பயன்பட்டது. கம்பெனியோ மூச்சு விடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஈரான்காரர் ஒருவர், குரோம் பிரவுசர் காட்டிய எச்சரிக்கையைப் பார்த்து, 'என்ன இது?' என்று வெளியே கேட்டார். குட்டு உடைந்தது. பிரவுசர்கள் பெயரை அடித்தன. செப்டம்பரிலேயே கம்பெனி திவால்!

ஆபீஸில் அவசரத்தில் இருப்பீர்கள். ஸ்க்ரீனில் எச்சரிக்கை வரும். 'பரவாயில்லை, போ' என்று கை தானாக க்ளிக் பண்ணப் போகும். அந்த ஈரான்காரரும் சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஒரு நிமிஷம் நின்று படியுங்கள். ஊறுகாய் ஒண்ணும் ஓடிப்போகாது!