யானைச் சவாரி தேவைதானா?

மே மாதம் நெருங்கிவிட்டால் போதும். வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். "இந்த லீவுக்கு எங்கப்பா போறோம்?"

ஊட்டி, கொடைக்கானல் என்றால் கூட்டமும் செலவும் கண்ணைக் கட்டுகிறது. அதனால் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் ஜவ்வாது மலைக்கு வண்டியைத் திருப்பிவிடுகின்றன. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறிவிட்டால் பீமன் அருவி, சாமை வயல், மலைத்தேன், பலாப்பழம் என்று இரண்டு நாள் போவதே தெரியாது. ஆலங்காயம் வழியாகப் போனால் காவலூர் வானாய்வுக்கூடம்.

ஆனால் வண்டியில் இருக்கிற வாண்டுகளுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். மலை என்றதுமே அவர்களுக்கு ஒரே கேள்வி. "அங்க யானை இருக்குமா? அது மேல ஏறலாமா?"

நியாயமான கேள்விதான். இதற்கு ஜவ்வாது மலையே ஒரு பதில் வைத்திருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன்னால் பெரியவர்கள் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

மலையை விட்டுப் போன யானைகள்

1980-களில் ஓசூர், தருமபுரி பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் கிழக்கே நகர ஆரம்பித்தன. ஒரு பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக்குள் போயிற்று. அங்கே 1990-ல் கவுண்டின்யா சரணாலயமே அமைக்கப்பட்டது. சில யானைகள் இந்தப் பக்கம் ஜவ்வாது மலையில் தங்கிவிட்டன.

மலை அவற்றுக்குப் போதவில்லை. வளர்ந்த யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு சுமார் 150 கிலோ தீனி வேண்டும். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். கோடையில் காடு காய்ந்தால் அது எங்கே போகும்? கீழே கரும்பும் வாழையும் நெல்லும் பச்சைப் பசேலென்று நிற்கிறதே! இறங்கி வந்தது. ஒரு ராத்திரியில் ஒரு குடும்பத்தின் வருஷ உழைப்பு போனது. விவசாயி தூக்கம் தொலைத்தான். யானையும் நிம்மதி தொலைத்தது.

கடைசியில் 2015-ல் வனத்துறை கும்கி யானைகளோடு வந்தது. மயக்க ஊசி போட்டு ஆறு யானைகளைப் பிடித்து, லாரியில் ஏற்றி முகாம்களுக்குக் கொண்டுபோனது. இப்போதும் எல்லைப்புறக் காடுகளிலிருந்து ஒன்றிரண்டு யானைகள் இந்த மாவட்டங்களில் தலைகாட்டிவிட்டுப் போவதுண்டு. ஆனால் கூட்டமாக வாழ்ந்த அந்தக் காலம் முடிந்துவிட்டது.

விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வனத்துறைக்கும் வேறு வழி சுலபமாக இருந்திருக்காது. நான் சொல்ல வருவது வேறு. நாம் சவாரிக்குக் கேட்கிற யானையும் இப்படி ஒரு காட்டிலிருந்து வந்ததுதான். அல்லது அப்படி வந்த ஒரு தாய்க்குப் பிறந்ததுதான். நாய், மாடு போலத் தலைமுறை தலைமுறையாக வீட்டோடு பழக்கப்பட்ட பிராணி இல்லை அது.

காட்டு யானை எப்படி 'சாது' ஆகிறது?

பிடித்து வந்த யானையை முதலில் கராலில் அடைப்பார்கள். பெருமரத் துண்டுகளை அடுக்கிக் கட்டிய கூண்டு அது. திரும்பக்கூட தாராளமாக இடம் இருக்காது. பாகன் சொல்கிறபடி கேட்டால் கரும்பு, வெல்லம். கேட்காவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். பழைய காலத்தில் அடியும் பட்டினியும் சர்வ சாதாரணம். இன்று முகாம்களில் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள், கவனிப்பு எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் கரால் கரால்தான். 2016 ஜூனில் கோவை மதுக்கரைப் பக்கம் பிடிக்கப்பட்ட 'மகராஜ்' என்ற யானை, டாப்சிலிப் பகுதியின் வரகளியாறு கராலுக்குக் கொண்டுபோன சில நாட்களுக்குள் செத்துப்போனது.

ஊருக்குள் வந்து உயிர்ச்சேதம் விளைவிக்கிற யானையைப் பிடிப்பதற்காவது ஒரு காரணம் சொல்லலாம். அரை மணி நேர உல்லாசத்துக்காக ஒரு யானை ஆயுள் முழுக்க மனிதர்களைச் சுமக்க வேண்டும் என்பதற்கு என்ன காரணம் சொல்வோம்?

"யானைக்கு நாலு பேர் ஒரு பாரமா?"

எல்லோரும் கேட்பது இதைத்தான். மூன்று நான்கு டன் எடையுள்ள பிராணிக்கு நாம் ஒரு பொருட்டா என்று தோன்றும். ஒரு தடவை ஏறி இறங்கினால் யானைக்கு ஒன்றும் ஆகிவிடாது, வாஸ்தவம். ஆனால் நீங்கள் இறங்கியதும் அடுத்த குடும்பம் ஏறுகிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சீசன் முழுக்க இப்படித்தான்.

யானையின் முதுகெலும்பிலிருந்து எலும்பு முனைகள் மேல்நோக்கி நீண்டிருக்கும். அந்த முதுகின் மேல் மரப் பலகை இருக்கையை வைத்து, வயிற்றைச் சுற்றி, வால் அடியில் விட்டுக் கயிற்றை இறுக்குகிறார்கள். நாள் முழுக்க உரசினால் புண்ணாகாமல் என்ன செய்யும்? பாதமோ மெத்தென்ற சதை. காட்டு மண்ணில் நடக்க அமைந்தது. சுட்டெரிக்கும் தார் ரோட்டிலும் சிமென்ட் தரையிலும் நிற்க வைத்தால் பாதத்தில் வெடிப்பு, நகத்தில் சீழ், மூட்டில் வலி. நம் வீட்டுப் பாட்டிக்கு மூட்டு வலி என்றால் தைலம் தடவுகிறோம். அவளை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வோமா?

இன்னொன்று. நமக்கு வியர்ப்பது போல யானைக்கு வியர்க்காது. காதை விசிறியும், தண்ணீரிலும் சேற்றிலும் புரண்டும்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மே மாத மத்தியானத்தில் அந்த யானையை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, 'காது ஆட்டறது பாரு, எவ்ளோ அழகு!' என்கிறோம். அது அழகுக்காக ஆட்டவில்லை அம்மா, புழுக்கம் தாங்காமல் ஆட்டுகிறது.

நம் உடம்புக்கும் நல்லதில்லை

சரி, யானையை விடுங்கள். நம் பிள்ளைகளைப் பார்ப்போம்.

யானையின் முதுகு எட்டு, ஒன்பது அடி உயரம். வீட்டுக் கூரை உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இல்லாமல் பிள்ளையை பைக்கில் உட்கார வைக்கவே யோசிக்கிற நாம், ஒரு கைப்பிடிக் கம்பியை நம்பி அங்கே உட்கார வைக்கிறோம். சவாரியின்போது உடம்பு பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். முதுகு வலி, கழுத்து வலி, எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. கர்ப்பிணிகள் நினைக்கவே கூடாது.

"பொம்பள யானைதான் சார், குழந்தை மாதிரி" என்பார்கள். மதம் பிடிப்பது ஆண் யானைக்குத்தான் என்பது உண்மை. ஆனால் மிரட்சியும் வலியும் எரிச்சலும் எல்லா யானைக்கும் உண்டு. 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை தாக்கி, பாகனும் அவருடைய உறவினர் ஒருவரும் இறந்தார்கள். தெய்வானை பெண் யானை. தினமும் நூற்றுக்கணக்கான பக்தர்களை ஆசீர்வதித்த யானை. அதே வருஷம் ஜூனில் கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில், ஒரு சவாரி மையத்தில் பாகன் ஒருவர் யானை தாக்கி இறந்தார். கூடவே வாழ்கிற பாகனுக்கே கணிக்க முடியாதது, டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த நமக்கு எப்படிப் புரியும்?

அடுத்தது, பலருக்கும் தெரியாத விஷயம். காசநோய்! மனிதருக்கு வரும் அதே காசநோய்க் கிருமி யானைக்கும் வரும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இரு திசையிலும் பரவும். 1990-களின் நடுவில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பண்ணையில் யானைகள் காசநோயால் இறந்தபோது, அவற்றைப் பராமரித்த 22 பேரைப் பரிசோதித்தார்கள். 11 பேருக்குத் தொற்று தெரிந்தது. ஒருவருக்கு நோயே வந்திருந்தது. நம் நாட்டில் ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டையில் சவாரிக்கு நிற்கும் யானைகளை 2018-ல் பரிசோதித்தபோது, 10 யானைகளுக்குக் காசநோய்த் தொற்றின் அடையாளம் இருந்தது. தென்னிந்தியக் காட்டு யானைகள்கூட காசநோயால் இறந்திருப்பதை 2017-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நாள்கணக்கில், மாதக்கணக்கில் கூட இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பத்து நிமிஷம் பக்கத்தில் நின்றவருக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தும்பிக்கை மூச்சு முகத்தில் படும்படி நிற்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். நமக்கு இருமல், சளி இருந்தால் யானையை நெருங்காமல் இருப்பது அதற்கு நாம் செய்கிற மரியாதை.

பாகன் பிழைப்பு?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பாகனும் அவருக்கு உதவியாக இருக்கும் காவடியும் யானையோடு கட்டுண்ட வாழ்க்கை வாழ்கிறவர்கள். சவாரி நின்றால் அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டாமா?

எரியும். அதற்கு முதுமலை தெப்பக்காடு முகாமைப் பாருங்கள். காலையும் மாலையும் யானைகள் வரிசையாக வந்து நிற்கும். ராகிக் களி, கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு என்று ஒவ்வொரு யானைக்கும் அதன் வயசுக்கும் உடம்புக்கும் ஏற்றபடி உருண்டை பிடித்து வாயில் ஊட்டுவார்கள். பார்க்கிற குழந்தைகள் கண் கொட்டாது! அந்த முகாமின் பொம்மன், பெள்ளி தம்பதியையும் அவர்கள் வளர்த்த யானைக்குட்டிகளையும் பற்றிய ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் விருது வாங்கியது. உலகமே உருகியது. அந்த உருக்கத்துக்குக் காரணம் சவாரி இல்லை. ஒரு மனிதரும் ஒரு யானையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதம். அதைப் பார்க்க ஜனங்கள் கட்டணம் கட்டத் தயார். சவாரிக்கு வாங்குகிற பணத்தை இதற்கு வாங்கட்டும். பாகனுக்கு ஒழுங்கான சம்பளமும் மருத்துவப் பரிசோதனையும் கொடுக்கட்டும். யார் வேண்டாம் என்றார்கள்?

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு...

* ஜவ்வாது மலைக்குப் போனால் யானையைத் தேடாதீர்கள். "ஒரு காலத்துல இங்க யானைங்க இருந்துச்சு" என்று ஆரம்பித்து, அவை ஏன் போயின என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எந்தப் பாடப்புத்தகமும் இதைவிட நன்றாகச் சொல்லித் தராது.

* யானை பார்க்க ஆசையா? தெப்பக்காடு, டாப்சிலிப் அருகே கோழிகமுத்தி போன்ற வனத்துறை முகாம்களுக்குப் போங்கள். பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

* பாகன் சொல்கிற தூரத்தில் நில்லுங்கள். பின்பக்கமாகப் போகாதீர்கள். ஃபிளாஷ் போட்டு போட்டோ எடுக்க வேண்டாம். முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பது கூடவே கூடாது.

* பிஸ்கட், மிட்டாய், சிப்ஸ் கொடுக்காதீர்கள். அதற்கென்று அளந்த சாப்பாடு இருக்கிறது.

* பிளாஸ்டிக், கண்ணாடி பாட்டிலைக் காட்டில் வீசாதீர்கள். உடைந்த ஒரு பாட்டில் துண்டு பாதத்தில் ஏறினால், அவ்வளவு பெரிய பிராணி சீழ் பிடித்து நடக்க முடியாமல் சாகும்.

* முகாமிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

* மலை ரோட்டில் காட்டு யானை எதிர்ப்பட்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். ஹாரன் அடிக்காதீர்கள். தூரமாகவே நிறுத்தி, அது போக வழி விடுங்கள்.

2024-ல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டுக் காடுகளில் 3,063 யானைகள் இருக்கின்றன. 2010-லேயே யானையை நம் நாட்டின் பாரம்பரிய விலங்கு என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை படைக்கிற வீடுகளில் யானை மேல் பாசத்துக்குப் பஞ்சமில்லை. அந்தப் பாசத்தைக் காட்ட அதன் முதுகில் ஏற வேண்டியதில்லை.

"ஏறலாமா?" என்று கேட்கிற பிள்ளையிடம், "வேண்டாம் கண்ணு, அதுக்கு வலிக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். அடம் பிடிக்கும் என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலான குழந்தைகள் உடனே புரிந்துகொள்வார்கள். புரிந்துகொள்ள நேரம் எடுப்பது பெரியவர்களுக்குத்தான்.