மாலையிட்ட கைகளே கல்லெறியும்!

2024ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆம் நாள், ஜேர்மனியின் கொலோன் நகரிலே, ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் இங்கிலாந்து அணி சுலோவேனியாவுடன் கோலெதுவுமின்றிச் சமநிலை கண்டது. அம்முடிவினால் இங்கிலாந்து வீழ்ந்துவிடவில்லை. தன் பிரிவிலே முதலிடம் பெற்று அடுத்த சுற்றுக்குச் சென்றது. ஆயினும், ஆட்டம் முடிந்ததும் ஆதரவாளருக்கு நன்றி தெரிவிக்கச் சென்ற முகாமையாளர் கரெத் சவுத்கேற்றை நோக்கி, அவருடைய சொந்த நாட்டவரே பியர்க் கோப்பைகளை வீசினர். பத்தொன்பது நாட்களின் பின் அதே மனிதர் தம் அணியை இறுதியாட்டத்திலே நிறுத்தினார். ஸ்பெயினிடம் 2க்கு 1 என்று தோற்றார். இரண்டு நாளிலே பதவி துறந்தார். அவ்வாண்டு முடியுமுன்னரே அவருக்குச் ‘சேர்’ பட்டம் அறிவிக்கப்பட்டது. வசை, வாழ்த்து, விலகல், விருது யாவும் ஏறக்குறைய ஆறு திங்களிலே!

விளையாட்டுத்தானே, இதற்கு ஓர் அரசியல் ஏட்டிலே இடம் எதற்கு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். ஒரு மனிதன் செய்த வேலையைப் பொதுமக்கள் எவ்வாறு நிறுக்கின்றனர், அத் தராசைப் பத்திரிகைகள் எந்தப் பக்கம் சாய்க்கின்றன என்பது விளையாட்டு மைதானத்தோடு முடிந்துபோகும் கேள்வி அன்று. அங்கே அது வெளிச்சமாகத் தெரிகின்றது, அவ்வளவே வேற்றுமை.

அல்ப் ராம்சியின் கதையைப் பாருங்கள். உலகக் கிண்ணத்தை இங்கிலாந்து வெல்லும் என்று 1963இல் அவர் கூறியபோது அதை நம்பியவர் சிலரே. 1966 யூலையில் முதலாட்டம் உருகுவேயுடன் கோலின்றி முடிந்தபோது வெம்பிளி அரங்கிலே கூச்சல் எழுந்தது. பக்கவாட்டு வீரர்களைத் துறந்து அவர் அமைத்த அணியைச் சிறகிழந்த பறவை என்று எழுத்தாளர் எள்ளினர். கோலடிப்பதில் நிகரற்றவரெனப் பெயர்பெற்ற ஜிம்மி கிறீவ்ஸ் காயமுற்றபின் ஜெவ் ஹேர்ஸ்ற் என்னும் இளைஞர் அவரிடத்துக்கு வந்தார். கிறீவ்ஸ் குணமடைந்ததும் அவரையே திரும்ப அழைக்குமாறு பத்திரிகைகள் வற்புறுத்தின. ராம்சி அசையவில்லை. யூலை 30ஆம் நாள் இறுதியாட்டத்திலே மேற்கு ஜேர்மனி 4க்கு 2 என்று தோற்றது. நான்கில் மூன்று கோல்கள் ஹேர்ஸ்ற் அடித்தவை! மறுநாளிலிருந்து சிறகற்ற அணி மேதையின் படைப்பாகிவிட்டது. 1967இல் ராம்சியும் ‘சேர்’ ஆனார்.

1970இல் மெக்சிக்கோவிலே 2க்கு 0 என முன்னின்ற இங்கிலாந்து, அதே மேற்கு ஜேர்மனியிடம் 3க்கு 2 என்று தோற்றது. தேர்ந்த பந்துகாப்பாளர் கோர்டன் பாங்ஸ் அன்று நோயுற்றிருந்தார். ஆனால், பொபி சார்ல்ற்றனை இடையிலே வெளியே எடுத்தது ஏன் என்ற ஒரு கேள்வியைக் கொண்டே ராம்சியைக் காலமெல்லாம் குடைந்தனர். 1973 ஒக்ரோபர் 17ஆம் நாள் வந்தது. போலந்தை வென்றாலன்றி அடுத்த உலகக் கிண்ணத்துக்குச் செல்ல இயலாது. ஆட்டத்துக்கு முன் போலந்தின் பந்துகாப்பாளர் ரொமசெவ்ஸ்கியை, பிறையன் குளவ் என்னும் பிரபல முகாமையாளர் தொலைக்காட்சியிலே ‘கோமாளி’ என்றார். அந்தக் கோமாளி அன்றிரவு பந்துக்குமேற் பந்தாகத் தடுத்தான்! 1க்கு 1 என்று ஆட்டம் முடிந்தது. 1974இல் ராம்சி நீக்கப்பட்டார். அதே ஆண்டு போலந்து உலகிலே மூன்றாமிடம் பெற்றது. தோற்கடிக்க முடியாமற் போனவர்கள் எத்தகையவர் என்பது அப்போதுதான் தெரியவந்தது.

அவருடைய பொறுப்பிலே இங்கிலாந்து ஆடிய ஆட்டங்கள் 113, தோற்றவை 17. தகுதி பெறத் தவறியது தவறே. அதற்காக நீக்கியதைக்கூட நாம் குறைகூறோம். ராம்சியும் இனியவரல்லர். எழுத்தாளரிடம் முகங்கொடுத்துப் பேசாதவர், அவர்களை மதியாதவர். ஆனால், அவருடைய மௌனம் வெற்றிக் காலத்திலே ‘உறுதி’ எனப்பட்டது. தோல்விக் காலத்திலே ‘அகந்தை’ எனப்பட்டது. மனிதர் மாறவில்லை, கோல் எண்ணிக்கைதான் மாறிற்று.

கிரகம் ரெய்லருக்கு நேர்ந்தது இன்னும் கீழானது. வற்போட் என்னும் சிறு கழகத்தை நான்காம் பிரிவிலிருந்து முதற் பிரிவுக்கு உயர்த்தி, 1983இல் நாட்டிலே இரண்டாமிடம் வரை கொண்டுசென்றவர் அவர். 1992இல் அவருடைய இங்கிலாந்து அணி சுவீடனிடம் 2க்கு 1 என்று தோற்றது. சுவீடன் நாட்டவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒரு கிழங்கின் பெயருமாகும். ‘சன்’ என்னும் லண்டன் நாளேடு இச்சிலேடையைப் பற்றிக்கொண்டு, தோற்றவர்களை வேறொரு கிழங்காக்கிற்று. பின்னர் ரெய்லரின் தலையையே அக்கிழங்காகத் தீட்டி அச்சிட்டது. நாடெங்கும் சிரிப்பு! கிழங்கை விளைவிப்போர் அதனை இழிவுச் சொல்லாக எண்ணார் என்பது வேறு விடயம். 1993இல் அவர் விலகினார். 2017இல் அவர் மறைந்தபோது, அவரைப்போல் பண்பாளர் உண்டோ என்று ஏடுகள் உருகின.

பெருஞ்சம்பளம் பெறுவோர் ஏச்சையும் கேட்கத்தானே வேண்டும் என்பர் சிலர். வேலையைக் குறைகூறுவதற்குச் சம்பளம் விலையாகலாம். முகத்தைக் கிழங்காக்குவதற்கு அது எவ்வாறு விலையாகும்? மருத்துவர் ஒருவரின் நோயாளி இறந்தால் அவர் செய்த சிகிச்சையை ஆராய்கிறோம். வீதியிலே நிறுத்தி அவர் தலையில் எச்சிற் கோப்பை வீசுகிறோமா?

மாற்றினாற் பயன் விளைகின்றதே என்ற வாதம் இதைவிட வலியது. அதற்கு விடை கூறியே ஆகவேண்டும். லெஸ்ரர் கழகத்தின் கதை அதற்கு ஏற்றது. 2015இல் குளோடியோ ரனியேரி பொறுப்பேற்றபோது அக்கழகம் வெல்லும் என்று ஒரு பவுண் கட்டுவோருக்கு 5,000 பவுண் தருவதாகப் பந்தயக்காரர் கூறினர். 2016 மே மாதம் லெஸ்ரர் இங்கிலாந்தின் முதல்வனாயிற்று. ஒன்பது மாதங்களின் பின், 2017 பெப்ரவரி 23ஆம் நாள், ரனியேரி வெளியேற்றப்பட்டார். அவர் போன கையோடு கழகம் லீக்கிலே அடுத்தடுத்து ஐந்து ஆட்டங்களை வென்றது. ‘பார்த்தீர்களா!’ என்றனர் நீக்கியவர்கள்.

இதனை விளங்கிக்கொள்ளக் கமக்காரருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. மழை பொய்த்த போகத்தை அடுத்து வருவது பெரும்பாலும் சற்று நன்றாகவே இருக்கும். இடையிலே கலப்பையை மாற்றியதனால்தான் நெல் விளைந்தது என்று விபரமறிந்தவன் சொல்லான். அணி மிகத் தாழ்ந்த வேளையிலேதான் முகாமையாளரை நீக்குகின்றனர். தாழ்வின் அடியிலிருந்து எழும் அணி எவர் இருந்தாலும் ஓரளவு எழவே செய்யும். புதியவரின் திறமை இதிலே சிறிதும் இல்லை என்று நாம் வாதிடவில்லை. எவ்வளவு என்று அளக்க எவரும் பொறுத்திருப்பதில்லை என்றே கூறுகிறோம்.

இரசிகனை நாம் முழுதும் பழிக்கமாட்டோம். கூலியிலே மிச்சம்பிடித்து ரிக்கற் வாங்கியவனுடைய கோபம் அன்பின் மறுபக்கம். ஆனால், பத்திரிகை மாலையையும் விற்கின்றது, கல்லையும் விற்கின்றது. இரண்டிலும் அதற்கு இலாபம்.

இந்தக் கோபம் நிறத்தையும் இனத்தையும் தேடத் தொடங்கினால் என்னாகும் என்பதை 2021 யூலை 11ஆம் நாள் உலகு கண்டது. இத்தாலியுடனான இறுதியாட்டம் தண்ட உதைகளினால் தீர்மானிக்கப்பட்டது. ரஷ்போட், சான்சோ, சாக்கா என்னும் மூன்று கறுப்பின இளைஞரின் உதைகள் கோலாகவில்லை. அன்றுவரை ‘எங்கள் பிள்ளைகள்’ என்று போற்றப்பட்டோர், அன்றிரவே நிறவெறி வசைக்கு ஆளாயினர். சாக்காவுக்கு வயது 19! உதைப்போரைத் தெரிந்தவன் நானே, பொறுப்பும் என்னுடையதே என்று சவுத்கேற் முன்வந்து நின்றார். 1996இல் ஜேர்மனிக்கு எதிராகத் தாமே தண்ட உதையைத் தவறவிட்டு, அந்த நிழலோடு வாழ்ந்தவர் அவர்.

கொலோனிலே கோப்பைகள் பறந்து பதினொரு நாட்களின் பின், டூசல்டோர்வ் நகரில் சுவிற்சர்லாந்துடன் ஆட்டம் மீண்டும் தண்ட உதைக்குச் சென்றது. சவுத்கேற் மறுபடியும் சாக்காவை அனுப்பினார். சாக்கா நடந்து சென்று, பந்தை வைத்து, வலைக்குள் உதைத்தார்.