"நம்ம ஆளுதான்" என்றால் போதுமா? தோட்டத்து வீட்டுக் கூரைக்குக் குத்தகையாளரைச் சரிபார்ப்பது எப்படி

மதியம் மூன்று மணிக்கு வானம் இருட்டுகிறது. நான்கு மணிக்குக் காற்று. ஐந்து மணிக்குப் பார்த்தால் சமையலறைக்கு மேலே இருந்த இரண்டு தகரத்தைக் காணோம்.

பருவமழை மாறும் மாதங்களில், முக்கியமாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் வாக்கிலும், நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களுக்கு இது புதிய கதை அல்ல. லாபு, சிலியாவ், ரந்தாவ், பஹாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் தார்ப்பாய் போட்டு மூடிய கூரை ஒன்றாவது கண்ணில் படும்.

மறுநாள் காலையிலேயே அம்மாவுக்கு ஒரு போன் வருகிறது. "ஆண்ட்டி, கூரை போயிருச்சாம்ல? கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கிறேன். சாமான் வாங்க மொதல்ல மூவாயிரம் மட்டும் போட்டு விடுங்க." பேசுகிறவர் அத்தையின் சம்பந்தி வீட்டில் வேலை செய்தவர். நம்ம ஆளு. மழையோ மறுபடியும் வரப்போகிறது. அம்மா பணத்தை அனுப்பத் தயாராகிவிடுகிறார்.

ஆளைக் கண்டுபிடிக்க இந்த "நம்ம ஆளு" வழி நல்ல வழிதான். தோட்டத்தில் பல காலமாக எல்லா வேலையும் இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. ஆனால் அவர் பதிவு பெற்றவரா, மூன்று மாதம் கழித்துக் கூரை ஒழுகினால் அவரை எங்கே பிடிப்பது என்பதை அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள அரை மணி நேரமும் ஒரு கைத்தொலைபேசியும் போதும். தேட வேண்டிய பக்கங்கள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், அந்த அரை மணி நேரம் வீட்டில் இருக்கும் இளையவர்களான உங்கள் பொறுப்பு.

முதலில், அந்தக் கூரை யாருடையது?

இதைக் கேட்காமலே பலர் செலவு செய்துவிடுகிறார்கள். அப்பாவோ அம்மாவோ இன்னும் தோட்டத்தில் வேலை செய்து, நிர்வாகம் கொடுத்த வீட்டில் குடும்பம் இருக்கிறதா? அப்படியானால் கூரையைப் பழுதுபார்ப்பது நிர்வாகத்தின் கடமை. 446ஆவது சட்டம் என்று அழைக்கப்படும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்களுக்குக் கொடுக்கப்படும் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கிறது. வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருக்க வேண்டியவர் முதலாளி.

அலுவலகத்தில் கிராணியிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது. படம் எடுங்கள், தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்க உறுப்பினர் என்றால் சங்கத்தின் வழியாகவும் கேட்கலாம்.

வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் பழைய லயத்திலேயே தங்கியிருக்கும் குடும்பங்களின் நிலை வேறு. கட்டடம் உங்கள் பெயரில் இல்லை. அதில் எட்டாயிரம், பத்தாயிரம் ரிங்கிட் போட்டுப் புதுக் கூரை போட்ட பிறகு "காலி செய்யுங்கள்" என்று கடிதம் வந்தால் அந்தப் பணம் திரும்புமா என்பது பெரிய கேள்வி. நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பெரிய செலவில் இறங்காதீர்கள்.

தோட்டத்தை விட்டு வெளியேறி, பக்கத்துத் தாமானில் சொந்த வீடு வாங்கியவர்களுக்குக் கூரை முழுக்க முழுக்கச் சொந்தப் பொறுப்பு. இனி வருவதெல்லாம் முக்கியமாக உங்களுக்குத்தான்.

எஸ்எஸ்எம் வேறு, சிஐடிபி வேறு

"நாங்க ரெஜிஸ்டர் பண்ண கம்பெனி ஆண்ட்டி" என்று சொல்லி, பலர் காட்டுவது எஸ்எஸ்எம் சான்றிதழை. அது வணிகம் செய்யப் பதிவு செய்திருக்கிறார் என்பதை மட்டுமே காட்டும். நாசி லெமாக் கடைக்கும் அது உண்டு. கூரை ஏறத் தெரியுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதற்காக அதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். எஸ்எஸ்எம் எண்ணில் ஒரு சின்ன ரகசியம் இருக்கிறது. 2019 அக்டோபரில் அறிமுகமான 12 இலக்க எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பதிவு செய்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் 01 என்றால் உள்நாட்டு நிறுவனம், 03 என்றால் தனிநபர் அல்லது பங்காளி வணிகம். "இருபது வருஷ அனுபவம்" என்று அட்டையில் போட்டிருக்கிறார், எண்ணோ 2024 என்று தொடங்குகிறது என்றால் கேளுங்கள். வேறொருவரிடம் பல வருடம் வேலை செய்துவிட்டுத் தனியாக வந்தவராக இருக்கலாம், அது குற்றம் அல்ல. பதில் தெளிவாக வருகிறதா, தடுமாறுகிறதா என்று கவனியுங்கள்.

கட்டுமான வேலைக்கான பதிவு சிஐடிபி எனப்படும் மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் 520ஆவது சட்டப்படி, அங்கே பதிவு பெறாமல் யாரும் கட்டுமான வேலையை எடுத்துச் செய்யக்கூடாது. பழுதுபார்ப்பும் கட்டுமான வேலையில் சேர்த்திதான். மீறினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் 100,000 ரிங்கிட் வரை அபராதம்.

பதிவு பெற்றவர்களுக்கு ஜி1 முதல் ஜி7 வரை தரம் உண்டு. தரம் உயர உயர, எடுக்கக்கூடிய வேலையின் மதிப்பும் உயரும். ஜி7 தான் ஆகப் பெரியது. ஒரு வீட்டுக் கூரைக்கு ஜி1 தாராளமாகப் போதும். "நாங்க ஜி7" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் அசந்துபோக வேண்டியதில்லை.

சான்றிதழின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை மட்டும் நம்பாதீர்கள். படத்தில் பெயரை மாற்ற ஐந்து நிமிடம் போதும். சிஐடிபி இணையத்தளத்தில் குத்தகையாளர் தேடல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை நீங்களே அதில் போட்டுப் பாருங்கள். பதிவு இன்னும் காலாவதியாகவில்லையா, கட்டடப் பிரிவில் பதிவு இருக்கிறதா, எஸ்எஸ்எம் பெயரும் இந்தப் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். மச்சான் கம்பெனியின் சான்றிதழை இரவல் வாங்கிக் காட்டுகிறவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான். மேலே ஏறும் தொழிலாளர்களிடம் சிஐடிபியின் பச்சை அட்டை இருக்கிறதா, பெர்கேசோ பாதுகாப்பு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். உங்கள் கூரையில் இருந்து ஒருவர் விழுந்த பிறகு கேட்கக்கூடிய கேள்வி இல்லை இது.

இங்கே ஒரு சங்கடம் இருப்பதை மறைக்க முடியாது. தோட்டப்புறத்தில் நன்றாகக் கூரை போடத் தெரிந்த சில பெரியவர்களிடம் எந்தச் சான்றிதழும் இருக்காது. சான்றிதழை மட்டையில் போட்டு மாட்டியிருக்கிறவர்கள் எல்லாரும் ஒழுங்காக வேலை செய்வதும் இல்லை. சட்டம் சின்ன வேலை, பெரிய வேலை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. என் பார்வையில், கூரையை முழுசாகக் கழற்றி மாற்றும் வேலை என்றால், தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவு இல்லாதவரிடம் கொடுப்பது உங்கள் கையில் இருக்கும் பிடியை நீங்களே விடுவது மாதிரி.

செபுட் ஹார்காவைப் படியுங்கள்

"கூரை மாற்ற: 7,500 ரிங்கிட்." ஒரே வரியில் வரும் இப்படி ஒரு செபுட் ஹார்கா எதற்கும் உதவாது. பிறகு சண்டை வரும்போது இரண்டு பக்கமும் இதே வரியைத்தான் காட்டுவார்கள்.

தகரத்தின் தடிமன் எழுதியிருக்க வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம். தடிமனை இரண்டு விதமாகச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் இரும்புத் தகட்டை மட்டும் அளந்தால் அது பிஎம்டி. மேல்பூச்சையும் சேர்த்து அளந்தால் டிசிடி. டிசிடி 0.48 மில்லிமீட்டர் என்று சொல்லப்படும் தகரத்தில் இரும்பு 0.42 அளவுக்குத்தான் இருக்கும். ஒருவர் டிசிடி கணக்கிலும் இன்னொருவர் பிஎம்டி கணக்கிலும் விலை கொடுத்தால், மலிவாகத் தெரிவது உண்மையில் மலிவு இல்லை. எந்தக் கணக்கு என்று கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள்.

அடுத்து, தகரத்துக்குக் கீழே இருக்கும் மரச்சட்டம். பழைய வீடுகளில் கரையான் தின்ற சட்டத்தின் மேலேயே புதுத் தகரத்தை அடித்துவிட்டுப் போவார்கள். வெளியே பளபளவென்று இருக்கும், அடுத்த பெருங்காற்றில் சட்டத்தோடு பெயரும். எத்தனை சட்டம் மாற்றப்படும், அதற்கு விலை சேர்த்தியா இல்லையா என்பது தாளில் இருக்கட்டும். முகட்டு மூடி, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் மடித்து வைக்கும் தகரம், கட்டர், பழைய தகரத்தை யார் எடுத்துப் போவது என்பதும் அப்படியே.

என் பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். புதுக் கூரை போட்டு இரண்டே மாதத்தில் கூடத்தில் வாளி வைக்க வேண்டியதாகிவிட்டது. ஏறிப் பார்த்தவர் சொன்னார், ஸ்க்ரூவைத் தகரத்தின் மேட்டில் அடிக்காமல் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அடித்திருக்கிறார்கள், பாதிக்கு மேல் ரப்பர் வாஷரே இல்லை என்று. செபுட் ஹார்காவை எடுத்துப் பார்த்தால் ஒரு கைத்தொலைபேசி எண் மட்டும் இருந்தது. முகவரி இல்லை, பதிவு எண் இல்லை, உத்தரவாதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த எண்ணும் கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது.

கூரையின் வடிவத்தை மாற்றினாலோ முன்பக்கம் புதிதாக நீட்டினாலோ ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். சிரம்பான், நீலாய் வட்டாரத்துக்கு அது சிரம்பான் மாநகர் மன்றம். அனுமதி எடுப்பது யார் வேலை என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் நிறப் பழைய கூரையா? உடைக்காதீர்கள்

பழைய லயங்களிலும் அந்தக் காலத்துத் தாமான் வீடுகளிலும் நெளிநெளியான சாம்பல் நிற ஷீட் இன்னும் இருக்கிறது. அது அஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டாக இருக்கலாம். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லா வகை அஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஷீட் முழுசாக இருக்கும் வரை ஆபத்து குறைவு. சுத்தியலால் உடைத்து, ரம்பம் போட்டு அறுத்து, துடைப்பத்தால் கூட்டும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகின்றன.

மலேசியாவில் அஸ்பெஸ்டாஸ் கழிவு 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவு. அதற்கான குறியீடு எஸ்டபிள்யூ 201. அத்தகைய கழிவுகளைக் கையாளும் பெரிய மையம் ஒன்று போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் நானாஸில், நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

ஆகவே குத்தகையாளரிடம் ஒரே ஒரு கேள்வி: "பழைய ஷீட்டை எப்படிக் கழற்றுவீங்க, எங்க கொண்டு போவீங்க?" நனைத்து, முழு ஷீட்டாக இறக்கி, சுற்றிக் கட்டி எடுத்துப் போவோம் என்றால் தொழில் தெரிந்தவர். "ஒடச்சு செம்பனைக் காட்டுல போட்டுறலாம் தம்பி" என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்பவரிடம் பேச்சே வேண்டாம். சாமானுக்கு முன்பணம் கேட்பது நியாயம்தான். சின்னக் குத்தகையாளரால் கையில் இருந்து போட்டு வாங்க முடியாது. ஆனால் பாதிக்கு மேல் போகக்கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. சாமான் வந்து இறங்கியதும் ஒரு பகுதி, வேலை முடிந்ததும் ஒரு பகுதி, ஒரு பெருமழையைப் பார்த்த பிறகு கடைசிப் பகுதி என்று பேசிக்கொள்ளலாம். கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஒழுகினால் அவரைத் திரும்ப வரவைப்பது அதுதான்.

அனுப்புவதற்கு முன், வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் செமாக் மூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். மோசடிப் புகார் ஏற்கெனவே இருந்தால் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால் அவர் யோக்கியர் என்று அர்த்தம் இல்லை, இதுவரை புகார் வரவில்லை என்றுதான் அர்த்தம். டூயிட்நவ்வில் திரையில் வரும் பெயரும் செபுட் ஹார்காவில் இருக்கும் பெயரும் வேறுவேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அரசாங்க உதவியில் கூரை மாற்றித் தருகிறோம், "ப்ரோசெசிங்" கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

பணம் போய்விட்டால்?

பணத்தை அனுப்பியதும் ஆள் காணாமல் போய்விட்டார், எண்ணும் வேலை செய்யவில்லை, மோசடி என்று தெரிகிறது என்றால் உடனே 997. அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். நேரம் ஆக ஆகப் பணம் கைமாறிப் போய்விடும். பிறகு போலீஸ் புகார்.

வேலை செய்தார், ஆனால் மோசமாகச் செய்தார், அல்லது பாதியில் விட்டுவிட்டார் என்றால் வழி வேறு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருகிறவர் நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் அதைச் செய்ய வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, எதிர்த்தரப்புக்கும் அப்படித்தான். ஆகவே பயப்பட வேண்டாம். மன்றத்தின் தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றம். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும்.

ஆனால் மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். அழைப்பாணை அங்கேதான் போகும். என் பெரியப்பா அந்த இடத்தில்தான் நின்றுபோனார். கையில் ரசீது இருந்தது, படம் இருந்தது, கூடத்தில் வாளி இருந்தது. பாரத்தில் "எதிர்த்தரப்பு" என்ற கட்டத்தில் எழுத அவருக்குத் தெரிந்தது "முத்து அண்ணன்" மட்டுமே.