உழைப்புக்குச் சான்று தருவது யார்?

பகல் முழுவதும் கட்டுமானத் தளத்தில் சுவரைக் குடைந்து, குழாய் பதித்து, மின்கம்பி இழுத்துவிட்டு வரும் தொழிலாளி, இரவில் மின்கம்பியாளர் உரிமத் தேர்வுக்கான கையேட்டைப் புரட்டுகிறார். தில்லியின் புறநகரிலும் சூரத்திலும் எர்ணாகுளத்திலும் இத்தகையோர் உண்டு. கையேட்டில் அவருக்குத் தெரியாதவை அதிகமில்லை. மாடிப்படி விளக்கை இரண்டு இடங்களிலிருந்து இயக்கும் இணைப்பை அவர் நூறு வீடுகளில் கொடுத்திருப்பார். அதைத் தாளில் படமாக வரையத்தான் பழக்கமில்லை. சில வாரங்களில் அதுவும் கைவரும். ஆனால், விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஒரு தாள் அவரிடம் இல்லை. அதுதான் அனுபவச் சான்று.

விளக்கு, விசிறி, சுவிட்ச் போன்றவற்றை மாற்றும் சிறு வேலைகள் நீங்கலாக, மின் நிறுவல் பணி எதையும் மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே மேற்கொள்ள வேண்டும்; தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் கண்காணிப்பில், அனுமதிச் சீட்டு பெற்ற தொழிலாளியே அதைச் செய்ய வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதியாக இருந்த இந்த ஏற்பாடு, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்துக்குப் பின் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இடம்பெற்றது.

இந்த ஏற்பாடு தேவையானது, அதில் ஐயமில்லை. மனித உடல் வழியே 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து நேரலாம். வீட்டிலுள்ள 5 ஆம்பியர் ஃபியூஸ் அதை உணரக்கூட உணராது. மண்ணிணைப்பு எதற்கு, மின்கசிவுத் தடுப்பான் எதற்கு, 500 வோல்ட் மெகர் கருவியில் காப்புத்தடை 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் ஏன் மின்னிணைப்பு தரக்கூடாது என்பவற்றை அறிந்த கை வேறு. அறியாத கை வேறு. நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுக்கு 12,000க்கும் மேல் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. எனவே, தேர்வை எளிதாக்குங்கள் என்று எந்தத் தொழிலாளியும் கேட்கவில்லை. தேர்வெழுதும் இடம்வரை வருவதற்கு வழிவிடுங்கள் என்றே கேட்கிறார்.

பத்தாம் வகுப்பு முடித்து, அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு ஆண்டுகள் எலக்ட்ரீசியன் பிரிவில் பயின்றவருக்கு ஒரு வழி இருக்கிறது. பள்ளியைப் பாதியில் விட்டு, உதவியாளாகத் தொழிலுக்கு வந்தவருக்கு அனுபவம் ஒன்றே வழி. தமிழ்நாட்டின் மின்கம்பியாளர் உதவியாளர் தேர்வு, 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் உள்ளவர்களுக்கும் வாய்ப்பளிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்த அனுபவத்துக்குக் கையெழுத்திட வேண்டியவர் யார்? வருகைப் பதிவேட்டிலோ சம்பளப் பட்டியலிலோ அந்தத் தொழிலாளியின் பெயரை எழுதாத ஒப்பந்ததாரர்தான். கையெழுத்திட்டால், ஐந்தாண்டுகள் தம்மிடம் அவர் வேலை செய்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். வைப்புநிதி, விபத்து இழப்பீடு, குறைந்தபட்சக் கூலி என அடுத்தடுத்த கேள்விகள் எழும். உரிமம் பெற்ற தொழிலாளி கூடுதல் கூலி கேட்பார். தனியே தொழில் செய்யவும் கூடும். ஆகவே கையெழுத்து தள்ளிப்போடப்படுகிறது. சில இடங்களில் விலைக்கு விற்கப்படுகிறது. விபத்து நேரும்போது மட்டும், 'உரிமம் இல்லாதவர் ஏன் தொட்டார்?' என்று பழி இறந்தவர்மீதே விழுகிறது.

அரசின் நம்பிக்கை யார் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அறிவிக்கப்பட்ட மின்னழுத்த வரம்புக்கு உட்பட்ட நிறுவல்களுக்கு உரிமையாளரே சுயசான்று அளிக்கலாம் என ஒழுங்குமுறைகள் தளர்த்தப்பட்டன. தொழில் தொடங்குவதை எளிதாக்குவது என்ற முழக்கத்தின்கீழ் முதலாளியின் சொல் சான்றாகிறது. பத்தாண்டுகள் மின்கம்பியோடு மல்லுக்கட்டிய தொழிலாளியின் சொல்லோ செல்லாக்காசாகிறது.

புலம்பெயர் தொழிலாளிக்கு இன்னொரு தடையும் உண்டு. அனுமதிச் சீட்டை வழங்குவதும் ஏற்பதும் மாநில அரசின் அதிகாரம். பீகாரிலோ ஒடிசாவிலோ சீட்டு பெற்றவர், வேலை செய்யும் மாநிலம் அதை ஏற்றால்தான் அங்கே உரிமம் பெற்றவர். புதிதாகத் தேர்வெழுத முனைந்தால் அவர் அறியாத மொழி குறுக்கே நிற்கிறது.

தீர்வுகள் எட்டாத உயரத்தில் இல்லை. 12 மாதங்களில் 90 நாட்கள் கட்டுமானப் பணி செய்ததை மெய்ப்பித்தே ஒரு தொழிலாளி நல வாரியத்தில் பதிவு செய்கிறார். அரசே பராமரிக்கும் அந்தப் பதிவையும் புதுப்பித்தலையும், பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் சான்றையும் அனுபவத்துக்கான ஆதாரமாக ஏற்க வேண்டும். கட்டுமானச் செலவில் 1 சதவிகிதமாக வசூலிக்கப்படும் செஸ் நிதியிலிருந்து, அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மாலைநேரப் பயிற்சியும், தேர்வு நாட்களுக்கு இழந்த கூலிக்கு ஈடும் வழங்கப்பட வேண்டும். தொழிலாளி அறிந்த மொழியில் வினாத்தாள் இருக்க வேண்டும். ஒரு மாநிலத்தின் சீட்டை மற்ற மாநிலங்கள் ஏற்பதற்கான பொது நடைமுறையை ஒன்றிய அரசு மாநிலங்களோடு கலந்து உருவாக்க வேண்டும். உரிமத்தை வாடகைக்கு விட்டுப் பெயரளவில் கையெழுத்திடும் ஒப்பந்ததாரர்கள்மீது நடவடிக்கை வேண்டும்.

இவற்றை வென்றெடுக்கும்வரை தொழிற்சங்க இயக்கம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நாடெங்கும் உள்ள சங்க அலுவலகங்களில் மாலைநேரங்களில் ஒரு கரும்பலகையும், ஒரு மெகர் கருவியும், ஓய்வுபெற்ற ஒரு மின்வாரிய ஊழியரும் இருந்தால் போதும். அங்கே ஒரு வகுப்பு தொடங்கிவிடும். தேர்வில் வென்று வரும் தொழிலாளி தம் உயிரைக் காத்துக்கொள்கிறார். விளக்கேற்றித் தரும் வீட்டின் உயிர்களையும் காக்கிறார். அவரது உழைப்புக்குச் சான்றளிக்கும் உரிமையை ஒப்பந்ததாரரின் பேனாவிடம் மட்டும் விட்டுவைக்க முடியாது.